வாய்விட்டுக் கேட்கப் பழகுதல்: புறநகர்க் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதற்கான வழிகாட்டி

புறநகரில் குடியேறும் குடும்பத்துக்கு இடமும் வெளிச்சமும் கிடைத்துவிடுகின்றன. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் உறவுகள் கிடைப்பதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் பொழுது சாய்ந்த பிறகே திரும்புவதால், பகல் நேரத்தில் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்களும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும், உடல்நலம் குன்றியவர்களுமே. நகரின் நடுவில் வசிப்பவர்களுக்கு இருக்கும் அளவுக்கு மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் இவர்களுக்கு அருகில் இருப்பதில்லை. இரண்டு நிமிடங்களில் வந்து சேரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில், இடிபாடுகளுக்குள் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் மீட்புப் படையினர் அல்லர், குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாருமே. பேரிடரில் வெளிப்பட்ட இந்த உண்மை, காய்ச்சலில் படுத்திருக்கும் தாய்க்கும், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும் சிறுவனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

உதவும் மனம் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம். யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற தெளிவும், கேட்பதற்கான துணிவும், அவசரம் வருவதற்கு முன்பே பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடும்தான் இல்லாமல் இருக்கின்றன. ஒரு தெருவில் இந்த மூன்றையும் உண்டாக்குவதற்குப் பெரிய சங்கமோ, பதவிகளோ, கூட்டங்களோ தேவையில்லை. நான்கைந்து வீடுகள் போதும்.

எந்த வீடுகளிலிருந்து தொடங்குவது

குடியிருப்பு முழுவதையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் சில வாரங்களில் களைத்துப்போவார்கள். இடப்புறம், வலப்புறம், எதிர்ப்புறம், பின்புறம் என்று உங்கள் வீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடுகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகியோர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் நடத்தி 1950-இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்த கதவுகளில் வசித்தவர்களில் 41 சதவீதத்தினர் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். ஒரு கதவு தள்ளி வசித்தவர்களிடையே அது 22 சதவீதமாகவும், நடைவழியின் இரு முனைகளில் வசித்தவர்களிடையே 10 சதவீதமாகவும் குறைந்தது. சில அடி தூரம்கூட இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்றால், தெருக்கோடியில் இருக்கும் நல்ல மனிதரைவிட மதில் பகிர்ந்துகொள்ளும் சுமாரான மனிதரோடு பழகிவைப்பதே அவசரக் காலத்துக்குப் பயன்படும். பின்வீட்டுக்காரர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுடைய வாசல் வேறு தெருவில் இருப்பதால் முகம் பார்க்கும் வாய்ப்பே வருவதில்லை. ஆனால் உங்கள் சமையலறை ஜன்னலில் புகை வந்தால் முதலில் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

வாசலில் வாகனப் போக்குவரத்து அதிகம் உள்ள வீட்டில் வசிப்பவர்கள் இன்னும் கூடுதலாக முயல வேண்டும். டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1969-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மூன்று தெருக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, நாளுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் சென்ற தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வாகனங்கள் சென்ற தெருவில் ஒரு நண்பர்கூட முழுமையாக இல்லை, சராசரி 0.9 தான். சாலையே ஒரு சுவராகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் எதிர்வீட்டாரை எண்ணிக்கொண்டிருக்காமல், சாலையைக் கடக்காமல் போகக்கூடிய பக்கவாட்டு வீடுகளையும் பின்வீட்டையும் சார்ந்து ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

அறிமுகம் செய்துகொள்வதற்கு விடுமுறை நாளின் மாலைப் பொழுது ஏற்றது. வாசலில் நின்றபடியே பெயரையும், எந்த வீடு என்பதையும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டு, கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடங்களுக்குள் கிளம்பிவிடுங்கள். உள்ளே அழைத்தாலும் முதல் முறை நாசூக்காக மறுத்துவிடுவது நல்லது, ஏனெனில் எதிர்பாராத விருந்தினரை உபசரிக்க வேண்டிய சங்கடம் சிலரை அடுத்த முறை கதவைத் திறக்கத் தயங்க வைக்கும். புதிதாக வந்தவர்தான் முதலில் வந்து பேச வேண்டும் என்று காத்திருப்பது நியாயமன்று. ஏற்கெனவே அந்தத் தெருவின் நடைமுறைகளை அறிந்தவர்களுக்கே அந்தப் பொறுப்பு அதிகம். பல ஆண்டுகள் பேசாமலே பக்கத்தில் வாழ்ந்துவிட்டவர்களும் இப்போது தொடங்கலாம். தவறிப்போய் உங்கள் வீட்டுக்கு வந்த கடிதமோ, அவர்கள் வாசலில் எரியாத தெருவிளக்கோ போதுமான காரணமாகும்.

கேட்கும் முறை

அக்கம்பக்கத்து உதவியில் மிகக் கடினமான பகுதி கொடுப்பதன்று, கேட்பது. "தொந்தரவு செய்கிறோமோ", "நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ" என்ற தயக்கத்தாலேயே எளிதில் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல்கள் முற்றிவிடுகின்றன. ஃபிரான்சிஸ் ஃபிளின், வனேசா லேக் என்னும் இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகளில், முன்பின் தெரியாதவர்களிடம் சிறு உதவிகளைக் கேட்டுப்பெற எத்தனை பேரை அணுக வேண்டியிருக்கும் என்று பங்கேற்றவர்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். பிறர் சம்மதிக்கும் வாய்ப்பை அவர்கள் பாதியளவுக்குக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். மறுப்பது எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கேட்பவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதே அவர்கள் கண்ட காரணம். இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் என்பது ஒன்று. மறுக்கக் கடினமாக இருக்கும் என்பதாலேயே, மறுப்பதற்கான வழியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது மற்றொன்று.

நல்ல கோரிக்கையில் என்ன வேண்டும், எப்போது வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றும் இருக்கும். "கொஞ்சம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா" என்று கேட்டால் கேட்கப்பட்டவருக்கு எதுவும் விளங்காது. "அக்கா, வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை எனக்கு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் பையன் உங்கள் வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டுமா, உங்களுக்கு வேறு வேலை இருந்தால் சொல்லுங்கள், என் தங்கையை வரச் சொல்லிக்கொள்கிறேன்" என்று கேட்டால், அவர் மனம் நோகாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியும். முதலில் சிறியவற்றைக் கேளுங்கள். வெளியே போயிருக்கும்போது வரும் பொட்டலத்தை வாங்கிவைப்பது, ஒரு நாள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்பதே, அவர்களும் உங்களிடம் கேட்கலாம் என்பதற்கான அனுமதியாகிவிடுகிறது. எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்து எதையும் பெற்றுக்கொள்ளாத குடும்பத்திடம் பிறர் கைநீட்டத் தயங்குவார்கள்.

தெருவுக்கென்று வாட்ஸ்அப் குழு இருந்தால், அவசரக் கோரிக்கையை அதில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் 1968-இல் வெளியிட்ட சோதனையில், அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததை காதில் மாட்டிய ஒலிக்கருவி வழியாகக் கேட்டவர்களில், தாம் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் உடனே உதவி தேடி எழுந்தார்கள்; தம்மைப் போல மேலும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதத்தினரே எழுந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு யாராவது எழுந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஐம்பது பேர் இருக்கும் குழுவில் "யாராவது வர முடியுமா" என்று எழுதும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள், எடுக்கவில்லையென்றால் அடுத்தவரை அழையுங்கள். குழுவில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

உதவ முன்வருபவர்களுக்கும் இதே விதி பொருந்தும். "எது வேண்டுமானாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்ற வாசகம் அன்பாக ஒலித்தாலும், என்ன கேட்கலாம் என்று யோசிக்கும் சுமையைத் துன்பத்தில் இருப்பவர் மீதே ஏற்றிவிடுகிறது. "நாளைக் காலை உங்கள் பெண்ணையும் சேர்த்துப் பள்ளியில் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லிப்பாருங்கள். பெரும்பாலும் "சரி" என்ற ஒரே சொல் பதிலாக வரும்.

அவசரத் தாளும் மாற்றுச் சாவியும்

நான்கைந்து வீடுகளுக்குள் ஓரளவு பழக்கம் ஏற்பட்ட பிறகு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்து நம்பகமான ஒரு வீட்டோடு மட்டும் பரிமாறிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயரும் வயதும், வேலை செய்யும் இடங்களின் தொலைபேசி எண்கள், வெளியூரில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவரின் எண், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், ஒவ்வாமை உள்ள மருந்துகள், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள், தண்ணீர் வால்வும் மின்சார முதன்மை விசையும் எரிவாயு அடைப்பானும் இருக்கும் இடங்கள் ஆகியவை அதில் இருந்தால் போதும். இதைப் படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது. தாளாகவே உறையில் இட்டுக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றி எழுதுங்கள், ஏனெனில் மருந்துகளும் எண்களும் மாறிக்கொண்டே இருக்கும்.

மாற்றுச் சாவியைக் கொடுத்துவைப்பதில் பலருக்கும் தயக்கம் இருக்கிறது, அது இயல்பானதே. ஆனால் உள்ளே விழுந்து கிடக்கும் ஒருவரை அடைவதற்குக் கதவை உடைக்கும் நேரமும், சாவியால் திறக்கும் நேரமும் ஒன்றல்ல. சாவியில் வீட்டு எண்ணையோ முகவரியையோ எழுதாமல் நிறக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். எந்தச் சூழ்நிலையில் திறந்து உள்ளே வரலாம் என்பதை வாய்மொழியாகத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: அழைத்தும் பதில் இல்லை, மணி அடித்தும் பதில் இல்லை, குடும்பத்தாரிடமும் சொல்லியாகிவிட்டது என்றால் திறக்கலாம் என்பது போல. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவியால் பயனில்லை என்பதையும் தனியாக வசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு பூட்டியிருக்கும் நாட்களைப் பொதுக் குழுவில் அறிவிக்காமல், சாவி வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்

புறநகரில் அக்கம்பக்கத்தார் உண்மையாகவே உயிர் காக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன ஒருவருக்கு மார்பழுத்தம் கொடுக்கப்படாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் அவர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. தொலைவிலிருந்து கிளம்பும் ஊர்தி வந்து சேரும் வரை காத்திருந்தால் மிச்சமிருப்பது சொற்பமே. ஆகவே, நான்கைந்து வீடுகளில் குறைந்தது இருவராவது இந்த முதலுதவியை முறையாகப் பயின்றிருக்க வேண்டும். அழைத்தும் தட்டியும் அசையாத, இயல்பாக மூச்சு விடாத பெரியவருக்கு, மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். ஒருவர் தொடர்ந்து செய்தால் இரண்டு நிமிடங்களிலேயே கை தளர்ந்துவிடும் என்பதால் மாறி மாறிச் செய்ய இன்னொருவர் தேவைப்படுவார். அந்த இன்னொருவர் பக்கத்து வீட்டில்தான் கிடைப்பார்.

பக்கவாதத்தில் வேறு வகையான உதவி தேவைப்படுகிறது. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் உயர்த்தும்போது ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே அவசர உதவியை அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், நோயாளி கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்ற கேள்வியை மருத்துவர் முதலில் கேட்பார். வீட்டார் வெளியே போயிருந்த நிலையில், "பதினோரு மணிக்கு மதிலருகில் நின்று என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்" என்று சொல்லக்கூடிய அயலாரின் சாட்சியம் சிகிச்சையையே தீர்மானிக்கலாம்.

விழுந்துகிடக்கும் முதியவரை உடனே தூக்கி நிறுத்தும் பழக்கத்தைக் கைவிடுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டு, இடுப்பு, கழுத்து, முதுகு ஆகியவற்றில் வலி இருந்தால் அசைக்காமல் போர்த்திவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும்.

இவற்றில் எதையும் செய்யத் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு. ஒரே மாதிரியான வீடுகளும் பெயர்ப்பலகை இல்லாத குறுக்குத் தெருக்களும் நிறைந்த இடங்களில் ஊர்தி வழி தெரியாமல் சுற்றுவது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் தெருமுனைக்குப் போய் நின்று கையசைத்து வழிகாட்டட்டும். இன்னொருவர் வாயில் கதவைத் திறந்து, குறுக்கே நிற்கும் வண்டியை நகர்த்தி, நாயைக் கட்டி, இரவு நேரமானால் எல்லா விளக்குகளையும் போடட்டும். மற்றொருவர் அவசரத் தாளையும் மருந்துகளையும் எடுத்துவைத்துவிட்டு, வீட்டில் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்லட்டும். யாருக்கு எந்த வேலை என்பதை முன்பே பிரித்துப் பேசிவைத்துக்கொள்வது மிகையான ஏற்பாடாகத் தோன்றினாலும், பதற்றத்தில் அதுதான் கைகொடுக்கும்.

குழந்தை பிறந்த வீடு

பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பார்வையாளர்கள் தேவையில்லை. வேலைக்கு ஆள் தேவை. போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள், இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகவே வேண்டாம், கையைக் கழுவிவிட்டே குழந்தையைத் தொடுங்கள், முத்தமிடுவதைத் தவிருங்கள். பத்து நிமிடங்கள் குழந்தையைப் பார்த்துப் பேசுவதைவிட, அரை மணி நேரம் துணி மடித்துவிட்டோ, பாத்திரம் கழுவிவிட்டோ, மூத்த பிள்ளையை வெளியே விளையாட அழைத்துச் சென்றோ திரும்பினால் அந்தத் தாய் உங்களை நெடுநாள் நினைத்துக்கொள்வாள். மூத்த பிள்ளையைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எல்லாருடைய கண்ணும் தொட்டிலின் மேல் இருக்கும் நாட்களில், தன்னைத் தேடி வந்த பெரியவர் ஒருவர் அந்தப் பிள்ளைக்குப் பெரும் ஆறுதல். கேட்கப்படாத அறிவுரை எதையும் சொல்ல வேண்டாம். தாய்க்கு ஏற்கெனவே பலர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதத்தினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். பகலில் தனியாக இருக்கும் தாயின் முகத்தை அடிக்கடி பார்க்கக்கூடியவர் பக்கத்து வீட்டுப் பெண் என்பதால், இரண்டு வாரங்களைத் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பற்றின்மை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை ஆகியவை தொடர்ந்தால் மென்மையாகக் கேட்டு, மருத்துவரிடம் போகத் துணைக்கு வருவதாகச் சொல்ல வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தைப் பற்றி அவள் பேசினால், அன்றைக்கே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது.

பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுதல்

வேலைக்குப் போகும் பெற்றோர் நிறைந்த தெருவில், பிள்ளைகளை முறைவைத்துப் பார்த்துக்கொள்வதைப் போலப் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை. இதற்குக் கணக்கு எவ்வளவு வைப்பது என்பது முக்கியமான கேள்வி. வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதியில் சுமார் 150 குடும்பங்கள் சேர்ந்து நடத்திய பிள்ளை பராமரிப்புக் கூட்டமைப்பு ஒன்று, பார்த்துக்கொண்ட நேரத்துக்கு ஈடாகச் சீட்டுகளைக் கொடுத்து வாங்கியது. அதில் உறுப்பினராக இருந்த ஜோன் ஸ்வீனியும் ரிச்சர்ட் ஸ்வீனியும் 1977-இல் எழுதிய கட்டுரை பொருளியலாளரிடையே பெயர்பெற்றது. பின்னால் தேவைப்படும் என்று எல்லாரும் சீட்டுகளைச் சேமிக்கத் தொடங்கியதால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எல்லாரும் முன்வந்தார்கள், வெளியே செல்ல யாரும் முன்வரவில்லை, ஏற்பாடே முடங்கியது. கூடுதல் சீட்டுகள் வெளியிடப்பட்ட பிறகுதான் மீண்டும் நகர்ந்தது. நான்கு வீடுகளுக்கு இத்தகைய சீட்டு முறை வேண்டாம் என்பதே என் கருத்து. "திங்கள் எங்கள் வீடு, செவ்வாய் உங்கள் வீடு" என்ற முறை போதும். ஒரு மாதத்துக்கு ஒருமுறை, யாருக்காவது சுமை கூடிவிட்டதா என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்வது எந்தக் கணக்கேட்டையும்விட நல்லது.

ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை கண்டிப்பான விதிகள் வேண்டும். பிள்ளையை அழைத்துச்செல்ல உரிமையுள்ளவர்கள் யார் யார் என்பதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; பட்டியலில் இல்லாதவர் வந்தால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பெற்றோரை அழைத்துக் கேட்காமல் அனுப்பக் கூடாது. பிள்ளையோடு ஒரு மறைச்சொல்லைப் பேசிவைத்துக்கொள்ளலாம். எந்தப் பெரியவரும் பிறர் பிள்ளையோடு தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக் கூடாது என்பதை எல்லா வீடுகளும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை அவநம்பிக்கையாகக் கருத வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் இழுக்கும் இல்லை. ஒரு வீட்டுக்குப் போவதற்குப் பிள்ளை தொடர்ந்து மறுத்தால், காரணத்தைச் சொல்லும்வரை வற்புறுத்தாமல், போகவிடாமல் நிறுத்துங்கள்.

பலர் கூடியிருக்கும்போதுதான் பிள்ளைகள் கவனிப்பாரின்றிப் போகிறார்கள். தண்ணீர்த் தொட்டியோ குளமோ நீச்சல் குளமோ அருகில் இருக்கும் இடத்தில், "இப்போதிலிருந்து கால் மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சத்தமாகச் சொல்லி, கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முடிந்ததும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தமே போடாது.

தனியாக வசிக்கும் முதியவர்கள்

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வீசிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வசித்த முதியவர்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க், வறுமையிலும் தனித்து வாழும் முதியவர்களின் எண்ணிக்கையிலும் ஒத்திருந்த இரண்டு பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டார். ஆள் நடமாட்டமும் கடைகளும் பேச்சுத்துணையும் இருந்த பகுதியில் இறப்பு விகிதம் மற்றதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது. வெயில் ஒன்றுதான், கதவைத் தட்டுவதற்கு ஆள் இருந்தார்களா என்பதே வேறுபாடு.

கண்காணிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் முதியவர்களின் தன்மானத்தைப் புண்படுத்தும் என்பதால், அவர்களே கையில் வைத்துக்கொள்ளும் ஓர் அடையாளத்தை ஏற்படுத்துங்கள். காலையில் எழுந்ததும் முன் ஜன்னல் திரையை விலக்குவது அத்தகைய அடையாளமாக இருக்கலாம். ஒன்பது மணி வரை திரை விலகவில்லை என்றால் தொலைபேசியில் அழைப்பது, எடுக்கவில்லை என்றால் போய் மணி அடிப்பது, அதற்கும் பதில் இல்லை என்றால் மகனையோ மகளையோ அழைத்துச் சொல்லிவிட்டுச் சாவியால் திறப்பது என்று வரிசையாக முடிவுசெய்துகொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இதைப் பக்கத்து வீட்டாரிடம் தாமாகவே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும், பெற்றோர் தயங்குவார்கள்.

அவர்களிடம் உதவி கேட்கவும் மறக்காதீர்கள். "மாமா, இந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறீர்களா", "அம்மா, பாப்பா பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறீர்களா" என்று கேட்கப்படும் முதியவர், தமக்கு ஒரு தேவை வரும்போது கூச்சமின்றி உங்களைக் கூப்பிடுவார். மறதி நோய் உள்ளவர் வசிக்கும் வீடாக இருந்தால், குடும்பத்தாரின் சம்மதத்தோடு அக்கம்பக்கத்து வீடுகள் அதை அறிந்திருப்பது அவசியம். அவர் தனியாகத் தெருவில் நடப்பதைக் கண்டால் கையைப் பிடித்து இழுக்காமல், முன்பக்கமாக வந்து பெயர் சொல்லிப் பேசி, கொஞ்ச தூரம் கூடவே நடந்து, மெல்ல வீட்டுப் பக்கம் திருப்பிக் கூட்டிவர வேண்டும்.

நீண்ட நோயும் இழப்பும்

அறுவை சிகிச்சையோ மரணமோ நிகழ்ந்த வீட்டில் முதல் வாரம் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். மூன்றாம் வாரத்திலிருந்துதான் வீடு காலியாகிறது, அப்போதுதான் உதவியும் தேவைப்படுகிறது. ஆகவே, அக்கம்பக்கத்தார் தங்கள் முறையைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பல வீடுகள் சேர்ந்து உதவுவதானால் ஒருவர் மட்டும் ஒருங்கிணைப்பாளராக இருந்து, வாரத்தின் எந்த நாளில் யார் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவது, யார் இரவில் துணைக்கு இருப்பது என்று முறை போட வேண்டும். நோயாளியின் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அவர்களுடைய நோய் விவரத்தை அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் யாரிடமும் பேசாதிருப்பதும் உதவியே.

இரவலும் பணமும்

ஏணி, துளையிடும் கருவி போன்றவற்றை இரவல் வாங்கினால் திருப்பித் தரும் நாளைச் சொல்லியே வாங்குங்கள், துடைத்துத் திருப்பிக் கொடுங்கள், உடைந்தால் கேட்கும் முன் சரிசெய்யுங்கள் அல்லது புதிது வாங்கிக் கொடுங்கள். பணக் கைமாற்றைப் பொறுத்தவரை, திரும்பி வராவிட்டாலும் மனம் கசக்காத தொகையை மட்டும் கொடுக்கலாம். அதைவிடப் பெரிய தொகைக்கு மறுத்துவிட்டு வேறு வழியில் உதவுவதே இரு குடும்பங்களுக்கும் நல்லது.

பூசல் எழும்போது

சத்தம், வண்டி நிறுத்தும் இடம், மதில் தாண்டும் கிளை, வளர்ப்பு நாய் ஆகிய நான்கும்தான் பெரும்பாலான மனக்கசப்புகளுக்குக் காரணம். இவற்றைக் குழுவில் எழுதினால் சிக்கல் இரட்டிப்பாகும், ஏனெனில் நாலுபேர் முன்னிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கோபம் தணிந்த பிறகு, ஆனால் ஒரு வாரத்துக்குள், நேரில் போய்த் தனியாகப் பேசுங்கள். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் வரும்போது அப்பாவால் தூங்க முடியவில்லை" என்று நடப்பதையும் அதன் விளைவையும் மட்டும் சொல்லி, அவரால் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். சில வேளைகளில் அவருக்கு அது கேட்கிறது என்பதே தெரிந்திருக்காது. ஒருவரை அடிக்கும் சத்தமோ குழந்தை துன்புறுத்தப்படும் அறிகுறியோ இருந்தால் இந்தப் பொறுமை பொருந்தாது. நீங்களே இடையில் புகுந்து ஆபத்தில் சிக்காமல் காவல் துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு உதவி எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள்; பாதிக்கப்பட்டவர் தனியாகக் கிடைக்கும்போது, எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று சொல்லிவையுங்கள்.

மறுப்பதும் விலகுவதும்

எல்லாக் கோரிக்கைக்கும் சம்மதிப்பவர் ஒரு நாள் மனம் வெதும்பி முற்றாக ஒதுங்கிவிடுவார் என்பதால், மறுக்கத் தெரிந்திருப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. நீண்ட காரணங்களை அடுக்காமல், "இந்த வாரம் என்னால் இயலாது, அடுத்த செவ்வாய் முடியும்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். மாற்று நாள் எதுவும் இல்லையென்றால் இயலாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே வீடு மட்டும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தச் சுமையை மற்ற வீடுகளோடு பகிர்ந்துகொள்ளவோ, கட்டணப் பணியாளரையோ அரசு உதவியையோ நாடும் வழியைக் காட்டவோ வேண்டும். முழுநேரப் பராமரிப்பு அக்கம்பக்கத்தாரால் தாங்கக்கூடியதன்று.

குடும்பம் ஒன்று வேறிடத்துக்குப் போகும்போது சாவிகளையும் அவசரத் தாள்களையும் இருபுறமும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், முறைப்பட்டியலில் பெயர்களை மாற்ற வேண்டும், முதியவரின் ஜன்னலை இனி யார் பார்ப்பது என்பதை அந்த வாரத்துக்குள்ளேயே முடிவுசெய்துவிட வேண்டும். புதிதாகக் குடிவருபவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரம், குப்பை எடுக்கும் நாள், பழுதுபார்ப்பவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சாமான்கள் இறங்கிய அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுங்கள்.